அட்டை கையில் இருக்கிறது. ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது?

2022ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி. சீர்காழியில் வானம் பொத்துக் கொண்டு கொட்டியது. ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை! சம்பாப் பயிர் நின்ற வயல்கள் ஏரி போல் ஆகி விட்டன. சீர்காழி, தரங்கம்பாடி ஆகிய இரண்டு வட்டங்களிலும் ரேஷன் கார்டு ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் நிவாரணம் கொடுக்க வேண்டிய நிலைமை வந்தது.

எந்த வெள்ளத்திலும் காவேரிக் கரைக் கிராமங்களில் இரண்டு கேள்விகள் எழும். "பயிருக்கு இன்ஷூரன்ஸ் கட்டியாச்சா?" என்பது ஒன்று. "வடிகாலைத் தூர் வாரினார்களா?" என்பது மற்றொன்று.

இரண்டும் ஒரே கேள்வி அல்ல. இன்ஷூரன்ஸ் என்பது பயிர் போன பிறகு வரும் பணம். வடிகால் என்பது பயிர் போகாமல் காப்பது. "இன்ஷூரன்ஸ் கட்டி விட்டோம், இனி வாய்க்கால் எப்படிப் போனால் என்ன?" என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். சொன்னால் பக்கத்து வயல்காரர் சிரிப்பார்.

ஆனால் பயிர் விஷயத்தில் சிரிப்பாகத் தெரிகிற அதே பேச்சு, உடம்பு விஷயத்தில் பெரிய விவாதமாக நடந்து கொண்டிருக்கிறது. "ஒவ்வொரு குடும்பத்துக்கும் மருத்துவக் காப்பீட்டு அட்டை கொடுத்து விட்டால் போதும். ஜனங்கள் விரும்பிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் கொள்ளட்டும்" என்கிறது ஒரு கட்சி. "அந்தப் பணத்தில் அரசாங்க ஆஸ்பத்திரிகளைப் பெரிதாக்கு. டாக்டரையும் நர்சையும் மருந்தையும் கிராமத்துக்குக் கொண்டு வா" என்கிறது மற்றொரு கட்சி. வசதி உள்ளவர்களிடம் மூன்றாவது பேச்சு ஒன்றும் உண்டு. "அரசாங்கத்தை ஏன் நம்ப வேண்டும்? அவரவர் சொந்தப் பணத்தில் தனியார் பாலிசி எடுத்துக் கொள்ளட்டுமே!"

மயிலாடுதுறை மாவட்டத்துக் குடும்பம் ஒன்றுக்கு இதில் எது உதவும்?

கூட்டுப் பணம்

இன்ஷூரன்ஸ் ஒன்றும் மந்திரம் அல்ல. ஆயிரம் குடும்பங்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுகின்றன. அந்த ஆண்டில் இருபது குடும்பங்களில் ஆபரேஷன் வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். கூட்டுப் பணத்திலிருந்து அந்த இருபது பேருடைய செலவு போகிறது. மற்றவர்களுக்குப் பணம் திரும்பாது. நோய் வராமல் போயிற்றே, அதுதான் லாபம்.

அரசாங்க ஆஸ்பத்திரியும் ஒரு வகையில் கூட்டுப் பணம்தான். தீப்பெட்டி வாங்குகிறவரும் டிராக்டர் வாங்குகிறவரும் கட்டும் வரியில் அது நடக்கிறது. வித்தியாசம் எங்கே என்றால், காப்பீட்டில் பணம் நோயாளியின் பின்னால் போகிறது. நோயாளி எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறாரோ அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியிலோ, நோயாளி வருவதற்கு முன்பே கட்டிலும் டாக்டரும் மருந்தும் அங்கே காத்திருக்க வேண்டும்.

பணம் நோயாளியின் பின்னால் போவது நல்லதுதான். ஆனால் அந்த நோயாளி எந்த ஊர்ப் பஸ் ஏறுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

உலகம் போன வழி

இந்தச் சண்டை தமிழ்நாட்டில் பிறந்தது அல்ல. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883ஆம் ஆண்டிலேயே தொழிலாளருக்கு நோய்க் காப்பீடு கொண்டு வந்தார். பிரிட்டன் வேறு வழியில் போயிற்று. 1948 ஜூலை 5ஆம் தேதி முதல் ஆஸ்பத்திரிகளை அரசாங்கமே ஏற்று, வரிப் பணத்தில் எல்லோருக்கும் வைத்தியம் என்று அறிவித்தது. அமெரிக்காவில் தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளே பெரிய இடம் பிடித்தன. 1965ல்தான் முதியவர்களுக்கும் ஏழைகளுக்கும் அரசாங்கத் திட்டங்கள் வந்தன. அவ்வளவு பணக்கார தேசத்தில் இன்றும் காப்பீடு இல்லாதவர்கள் கோடிக் கணக்கில் இருக்கிறார்கள். பிரிட்டனிலும் எல்லாம் சுகம் என்று சொல்வதற்கில்லை. ஆபரேஷனுக்கு மாதக் கணக்கில் வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்ற புகார் அங்கே ஓயாமல் கேட்கிறது.

கவனிக்க வேண்டியது தாய்லாந்து. அது நம்மைப் போல் நெல் விளையும் நாடு. 2002ல் நாடு முழுவதும், முப்பது பாட் கொடுத்தால் வைத்தியம் என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. உலகம் அதைப் புகழ்கிறது. ஆனால் அதற்கு முன் இருபது, முப்பது வருஷமாக அந்த நாடு என்ன செய்தது என்பதைப் பலர் சொல்வதில்லை. மாவட்டம் தோறும், அதற்குக் கீழும், கிராமப்புற ஆஸ்பத்திரிகளைக் கட்டியது. இளம் டாக்டர்கள் கிராமத்தில் வேலை செய்தே ஆக வேண்டும் என்று விதித்தது. முதலில் ஆஸ்பத்திரி, பிறகுதான் முப்பது பாட்.

இந்தியாவிலும் இதே யோசனை பழையதுதான். சுதந்திரத்துக்கு முன்பே, 1946ல், சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு அறிக்கை கொடுத்தது. பணம் கொடுக்க முடியாத காரணத்தால் ஒருவருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்பது அதன் சாரம். 1948ல் ஆலைத் தொழிலாளருக்கு ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. வயலில் வேலை செய்கிறவருக்கு அதில் இடம் இல்லை. நடவு ஆளுக்கும் அறுப்பு ஆளுக்கும் சம்பளச் சீட்டு ஏது, அதில் பிடித்தம் ஏது?

அட்டை வந்த கதை

ஆந்திரத்தில் 2007ல் ஆரோக்கியஸ்ரீ என்ற திட்டம் வந்தது. ஏழைகளுக்குப் பெரிய ஆபரேஷன்கள், அரசாங்கச் செலவில். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 2009 ஜூலை 23ஆம் தேதி, தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களுக்கும், நல வாரிய உறுப்பினர்களுக்கும் நான்கு ஆண்டில் ஒரு லட்ச ரூபாய் வரை வைத்தியம். பிரீமியத்தை அரசாங்கம் கட்டியது. பணத்தை வாங்கி நடத்தியது ஒரு தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனி.

அப்போதே விவாதம் சூடாயிற்று. "அரசாங்கப் பணம் தனியார் கம்பெனி வழியாகத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறது" என்றார்கள் ஒரு சாரார். "போனால் என்ன? கூலிக்காரரின் குழந்தைக்கு இதய ஆபரேஷன் நடக்கிறதே!" என்றார்கள் மற்றவர்கள். இரண்டு பேச்சிலும் உண்மை இருந்தது.

2011ல் ஆட்சி மாறியது. பழைய திட்டம் போய், 2012 ஜனவரி 11ஆம் தேதி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் என்று தொகை உயர்ந்தது. தனியார் கம்பெனிக்குப் பதிலாகப் பொதுத்துறையைச் சேர்ந்த யுனைடெட் இந்தியா கம்பெனி வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் செய்து கொண்டாலும் காப்பீட்டுப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கு வரும். இது நல்ல ஏற்பாடு. இந்தப் பணத்தால் கருவி வாங்கிய அரசு ஆஸ்பத்திரிகள் உண்டு.

2018ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் வந்து இதோடு இணைந்தது. தொகை ஆண்டுக்கு 5 லட்சம் ஆயிற்று. 2022 ஜனவரி 11ல் மீண்டும் ஐந்து ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாய் ஆயிற்று. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுப் பிரீமியம் 849 ரூபாய். குடும்பங்களின் எண்ணிக்கை 1 கோடியே 37 லட்சம். பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 1,100 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. செலவு அதோடு முடியவில்லை. ஓர் எல்லை வரைதான் கம்பெனியின் பொறுப்பு. அதற்கு மேல் ஆகும் செலவை அரசாங்கமே நேராகக் கொடுக்க வேண்டும்.

2024 அக்டோபரில் மத்திய அரசு 70 வயது கடந்த எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், 5 லட்ச ரூபாய் காப்பீடு என்று அறிவித்தது. தாத்தா பாட்டி உள்ள வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆக, கட்சி எதுவானாலும் அட்டை நிலைத்து விட்டது. ஒரு ஆட்சி கொண்டு வந்ததை இன்னொரு ஆட்சி பெயர் மாற்றியதே தவிர, எடுக்கவில்லை. எடுத்தால் ஜனங்கள் விட மாட்டார்கள்.

மாத்திரைக்கு அட்டை இல்லை

ஒரு குடும்பத்தின் வைத்தியச் செலவு எங்கே போகிறது? இதய ஆபரேஷன் எல்லா வீட்டிலும் வருவதில்லை. ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் அநேகமாக எல்லாத் தெருவிலும் இருக்கின்றன. மாதா மாதம் மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. போக வரப் பஸ் கட்டணம். அன்றையக் கூலி நஷ்டம். இவற்றுக்கெல்லாம் அட்டை செல்லாது. ஆஸ்பத்திரியில் படுத்து, பட்டியலில் உள்ள வைத்தியம் செய்து கொண்டால்தான் அட்டை பேசும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. மாத்திரை ஒழுங்காகக் கிடைக்காதவருக்குத்தான் பத்து வருஷம் கழித்துப் பெரிய ஆபரேஷன் வருகிறது. சில்லறைச் செலவை ஏழையின் தலையில் விட்டு விட்டு, பெரிய செலவை அரசாங்கம் ஏற்கிறது!

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. வீடு தேடி வந்து ரத்தக் கொதிப்பு பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். இது இன்ஷூரன்ஸ் அல்ல. சம்பளம் வாங்கும் ஊழியர், அரசாங்க மருந்து, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகிய மூன்றும் சேர்ந்த வேலை. 2024ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது இதற்குக் கிடைத்தது.

மருந்து கொள்முதலும் அப்படித்தான். 1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தது. மாநிலம் முழுவதற்கும் மருந்தை மொத்தமாக வாங்கி, சோதித்து, கிடங்குகளில் வைத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. வேறு மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக் கொண்ட ஏற்பாடு இது.

பிரசவத்தை எடுத்துக் கொள்ளுங்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. இது காப்பீட்டு அட்டை செய்த காரியம் அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவும் பகலும் நர்ஸ் இருந்ததால் வந்தது. 1987ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உதவித் தொகையும் கர்ப்பிணிகளுக்குக் கை கொடுத்தது.

மூன்று சாலைகள்

இனி மயிலாடுதுறைக்கு வரலாம்.

2020 டிசம்பர் 28ல் தமிழ்நாட்டின் 38ஆவது மாவட்டமாக இது பிறந்தது. ஊரில் அரசு பெரியார் தலைமை மருத்துவமனை இருக்கிறது. பல கிராமங்களுக்கு அதுதான் பெரிய ஆஸ்பத்திரி. ஆனால் "மேல் சிகிச்சைக்குக் கொண்டு போங்கள்" என்று சொல்லி விட்டால், ஆம்புலன்ஸ் மூன்று சாலையில் ஒன்றைப் பிடிக்க வேண்டும்.

ஒன்று, குத்தாலம், கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர். சுமார் 70 கிலோமீட்டர். அங்கே 1959ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டு, பேரளம் வழியாகத் திருவாரூர். சுமார் 40 கிலோமீட்டர். அங்குள்ள கல்லூரி 2010ல் வந்தது. மூன்று, சீர்காழி வழியாகச் சிதம்பரம். அதுவும் சுமார் 40 கிலோமீட்டர். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் மருத்துவக் கல்லூரி 2021ல் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆயிற்று. அந்தச் சாலையில்தான் வைத்தீஸ்வரன் கோயில் இருக்கிறது. ஆம்புலன்சுக்குள் இருப்பவர்கள் அந்தக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடாமல் போவதில்லை.

நெஞ்சு வலி வந்தவருக்கு ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக் கொண்டிருக்கிறது. பக்கவாதத்துக்கு நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டும். 5 லட்ச ரூபாய் அட்டை சட்டைப் பையில் இருக்கிறது. ஆனால் அந்த அட்டை 70 கிலோமீட்டரை 7 கிலோமீட்டராகக் குறைக்காது.

2019, 2020ஆம் ஆண்டுகளில் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு மருத்துவக் கல்லூரி என்ற பேச்சு வந்தது. அப்போது மயிலாடுதுறையும் அதே மாவட்டம்தான். கல்லூரி மயிலாடுதுறைக்கு வேண்டும் என்று ஊர் மக்கள் குரல் எழுப்பினார்கள். கல்லூரி நாகப்பட்டினத்தை அடுத்த ஒரத்தூருக்குப் போயிற்று. 2022 ஜனவரி 12ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். நாகப்பட்டினம் பட்டியலில் இருந்தது. புதிய மாவட்டமான மயிலாடுதுறை இல்லை. மாவட்டம் கிடைத்தது, கல்லூரி கை நழுவியது.

இன்ஷூரன்ஸ் பணம் ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்குத்தான் போகும். பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் தஞ்சாவூர், திருச்சி, சென்னை என்று நகரங்களில் நிற்கின்றன. குத்தாலத்துக் குடும்பத்துக்காகக் கட்டிய பிரீமியமும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேருகிறது. வாய்க்காலில் தண்ணீர் விட்டால் அது பள்ளத்துக்குத்தானே ஓடும்!

தஞ்சாவூரில் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி என்று ஒன்று உண்டு. பெயரே கதை சொல்லும். அரண்மனையும் மிராசுதார்களும் கொடுத்த பணத்தில் எழுந்தது. டெல்டாவின் நெல் விற்ற காசு அன்றைக்கு டெல்டாவிலேயே கட்டிலாகவும் சுவராகவும் நின்றது. இன்றும் அங்கே பிரசவம் பார்க்கிறார்கள்.

சொந்தப் பாலிசி

கடை வைத்திருப்பவர், ஆசிரியர், வெளிநாட்டில் பிள்ளை சம்பாதிக்கும் வீடு ஆகியோருக்கு வருமான வரம்பினால் அரசாங்க அட்டை கிடைக்காமல் போகலாம். இவர்களில் பலர் தனியார் பாலிசி எடுக்கிறார்கள். எடுப்பது தவறு அல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வரியும் இல்லை. ஆனால் பாலிசி விற்க வருகிறவர் சிரித்த முகத்தோடு சொல்லாமல் விடும் விஷயங்கள் சில உண்டு.

ஏற்கெனவே உள்ள நோய்க்கு உடனே பணம் வராது. மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். சர்க்கரை இருப்பதை மறைத்துப் பாலிசி எடுத்தால், ஆபரேஷன் சமயத்தில் கையை விரித்து விடுவார்கள். பாலிசி தொடர்ந்து ஐந்து ஆண்டு ஓடி விட்டால், மோசடியைத் தவிர வேறு காரணம் காட்டி மறுக்க முடியாது என்று 2024ல் விதி வந்திருக்கிறது. மறைக்காமல் எழுதிக் கொடுப்பதே நல்லது.

அறை வாடகையில் ஒரு சூட்சுமம். பாலிசியில் நாள் வாடகை 3,000 ரூபாய் வரை என்று இருக்கும். "ஏசி அறை காலியாக இருக்கிறது" என்று 6,000 ரூபாய் அறையில் சேர்த்து விடுவார்கள். அறை வாடகையில் பாதி மட்டும் கைவிட்டுப் போகும் என்று நினைப்பது தவறு. பல பாலிசிகளில் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் கட்டணம் ஆகியவற்றிலும் பாதியைக் கழித்து விடுவார்கள். ஆஸ்பத்திரியில் சேரும் அவசரத்தில் யார் இதைப் படித்துப் பார்க்கிறார்கள்? கம்பெனி அநியாயமாக மறுத்தால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் புகார் செய்யலாம்.

தனியார் பாலிசியின் பெரிய குறை இது அல்ல. வயது ஏற ஏறப் பிரீமியம் ஏறுகிறது. சம்பாத்தியம் இருக்கும் வயதில் நோய் குறைவு, பிரீமியமும் குறைவு. சம்பாத்தியம் நின்ற வயதில் நோய் அதிகம், பிரீமியமும் அதிகம். நடவுக்கும் அறுப்புக்கும் நடுவில் வேலையில்லாமல் இருக்கும் குடும்பம் வருஷம் தவறாமல் அதை எப்படிக் கட்டும்? ஒரு வருஷம் தவறினால் பாலிசி போயிற்று. ஆகவே, "அவரவர் பாலிசி எடுத்துக் கொள்ளட்டும்" என்ற யோசனை டெல்டாக் கூலிக் குடும்பத்துக்குப் பொருந்தாது.

வரப்போகும் கணக்கு

மொத்தத்தில் நாட்டின் நிலைமை முன்பைவிடத் தேறியிருக்கிறது. 2013-14ல் வைத்தியத்துக்காக நாட்டில் செலவான ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 64 ரூபாய் ஜனங்களின் கைப்பணம். 2021-22ல் அது 39 ரூபாயாகக் குறைந்தது என்கிறது அரசாங்கக் கணக்கு. ஆனால் 2025க்குள் நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கை அரசாங்கங்கள் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுக் கொள்கை சொன்னது. 2021-22ல் அது இரண்டைக்கூடத் தொடவில்லை.

அட்டையை எடுத்து விடு என்று சொல்வது கொடுமை. புற்று நோய்க்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் நிலத்தை விற்ற குடும்பங்கள் டெல்டாவில் ஏராளம். அந்த விற்பனையை ஓரளவு நிறுத்தியது அட்டைதான். ஆனால் அட்டை வந்து விட்டது என்பதற்காக ஆஸ்பத்திரிக்கான பணம் பின்னுக்குப் போகக் கூடாது. 2021 டிசம்பர் 18ல் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் இரண்டும் எப்படிச் சேரலாம் என்பது தெரிகிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச வைத்தியம். அட்டை இருக்கிறதா, வருமானம் என்ன, எந்த மாநிலம் என்று கேட்பதில்லை. சாலை ஓரத்தில் உள்ள அரசு ஆஸ்பத்திரியும் தனியார் ஆஸ்பத்திரியும் பட்டியலில் இருக்கின்றன. அடிபட்ட இடத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

காப்பீட்டுத் திட்டத்தின் ஐந்தாண்டு ஒப்பந்தம் 2027 ஜனவரி 10 வரைக்கும். அடுத்த ஒப்பந்தத்தில் பிரீமியம் 849 ரூபாய்க்கு மேல் எவ்வளவு ஏறும் என்று கணக்கர்கள் பார்ப்பார்கள். அந்தக் கணக்கோடு சேர்த்துப் பெரியார் ஆஸ்பத்திரிக்கு இதய டாக்டர்கள் எத்தனை பேர், நரம்பு டாக்டர்கள் எத்தனை பேர், இரவு நேரத்தில் யார் இருப்பார் என்ற கணக்கையும் மயிலாடுதுறை மக்கள் கேட்டு வாங்க வேண்டும்.

அதுவரை அட்டை இல்லாத குடும்பங்கள் சும்மா இருக்க வேண்டாம். கிராம நிர்வாக அதிகாரியிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் கார்டு ஆகியவற்றை எடுத்துக் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பிரிவுக்குப் போனால் பதிந்து கொடுப்பார்கள். சந்தேகம் கேட்க இலவசத் தொலைபேசி எண் 1800 425 3993. நோய் வந்த பிறகு அலைவதைவிட, அறுப்பு முடிந்து கை ஓய்ந்திருக்கும் நாளில் போவது சுலபம்.